பதினொன்றாம் பெட்டிக்கும் பன்னிரண்டாம் பெட்டிக்கும் நடுவே

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் இடது முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

சஸ்காச்சுவானிலிருந்து எல்லை தாண்டி வடக்கு டகோட்டாவுக்குக் கோதுமை ஏற்றிப் போகும் ரயிலில் நான் கார்டு. இன்ஜின் ஓட்டுபவன் டுவெய்ன். பத்தொன்பது வருடப் பழக்கம். என் மகனுக்கு ஞானத்தந்தையே அவன்தான்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. பெட்டிகளுக்கு நடுவே ஒருவன் நுழைந்தால், "வெளிய வந்துட்டேன்" என்று அவனே வாக்கிடாக்கியில் சொல்லும்வரை சக்கரம் அசையக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் இதே எல்லைக் கம்பத்தருகே எங்கள் வண்டியில் வேலை பார்த்த ஹால்வர் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிச் செத்தான். அவன் சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தேன் என்று டுவெய்ன் அழுதான். நானும் கேட்டேன் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் நான் எதையும் கேட்கவில்லை. சிநேகிதனை நம்பினேன், அவ்வளவுதான்.

ஜனவரி பதினான்கு. மாலை 4.51. இருட்டிக்கொண்டு வந்தது. பனி கொட்டியது. பெட்டிகளுக்கு நடுவே பிரேக் குழாய் கழன்றிருந்தது. எல்லைச் சாவடியை ஐந்துக்கு மூடிவிடுவார்கள்.

"டுவெய்ன், உள்ள போறேன்."

"போடா ஓரெஸ்ட். சீக்கிரம் முடி. இல்லேன்னா விடிய விடிய இங்கயே குந்தணும்."

குழாயை மாட்டினேன். காற்று ஏறியது. ஆனால் என் கையுறை இடுக்கில் சிக்கிக்கொண்டது.

டக்... டக்...

மறுபக்கம் யாரோ பெட்டியைத் தட்டினார்கள். குனிந்து பார்த்தேன். ஒரு ஜோடி பூட்ஸ். சுற்றிலும் புதுப்பனி. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

4.57. வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஓரெஸ்ட்... வெளிய வா."

டுவெய்ன் இல்லை. அந்த இழுவைக் குரலை எனக்குத் தெரியும். மூன்று வருடமாகக் கேட்காத குரல்.

இன்ஜின் இழுக்க, முன்பக்கத்திலிருந்து இணைப்புகள் இறுகும் சத்தம் ஓடி வந்தது. ஒவ்வொரு பெட்டியாக...

தடார்... தடார்... தடார்...

கையுறையை விட்டேன். பாய்ந்தேன். இடது முழங்கால் தண்டவாளத்தில் மோதிக் கிழிந்தது.

வண்டி நகர்ந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு டுவெய்ன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "நீதானடா வெளிய வந்துட்டேன்னு சொன்ன! என் காதால கேட்டேன்டா!"

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். அன்று ஹால்வரைப் பற்றியும் இதையேதான் சொன்னான்.

ஹால்வர் செத்த பிறகு இன்ஜினில் பேச்சைப் பதியும் கருவி வைத்திருந்தார்கள். பதினோரு நாள் கழித்து, விசாரணையில் அதைப் போட்டுக் காட்டினார்கள். வெளியே வந்துவிட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. என்னைக் கூப்பிட்ட குரலும் அதில் இல்லை. யாரும் எதுவும் சொல்லாமலே முதலில் இன்ஜின் உறுமியது. பிறகு 4.57-க்கு வெறும் இரைச்சல்.

அதற்குப் பிறகு டுவெய்னின் குரல் மட்டும், நடுங்கிக்கொண்டு...

"ஹால்வர்...? நீ இன்னும் உள்ளயாடா இருக்க?"