உயிரோடு இருப்பவனுக்கு எள்ளுத் தண்ணீர்

எங்கள் வீட்டு செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியவர் இப்போது திருச்சி சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குழிக்காக அல்ல. அது சுத்தமான வேலை, இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. தன் தம்பியைக் கடப்பாரையால் அடித்துக் கொன்று, ஆண்டிமடம் பக்கத்தில் இருந்த குடும்பத்து முந்திரித் தோப்பில் புதைத்ததற்காக.

அரியலூரில் அவர் எங்களுக்கு அடுத்த வீடு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜேசிபி ஓட்டினார். தெருவில் யார் குழி வேண்டும் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து நிற்பார், டீ மட்டும் குடிப்பார். சாவு வீடு என்றால் முதல் ஆள். நல்ல மனிதர் எப்படி இருப்பார் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், ஜன்னலைத் திறந்து கை காட்டியிருப்பேன்.

நான் கிளை நூலகர். துப்பறியும் நாவல் அலமாரியை இரண்டு முறை முழுதாகப் படித்தவன். கொலைகாரன் யார் என்று பாதிப் புத்தகத்திலேயே சொல்லிவிடுவேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரையும் எழுதுவேன். அதைப் படித்து அவள் சிரித்ததில்லை. அதிலிருந்தாவது என் திறமைகளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம்.

ஒரு வருடம் தை மாதத்தில் அடுத்த வீட்டுக்காரருடைய தம்பியைக் காணவில்லை. காணவில்லை என்று யாரும் சொல்லவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். தோப்பைப் பிரித்துக் கொடு என்று அண்ணனிடம் சண்டை போட்டான், கோபித்துக்கொண்டு போய்விட்டான், கோபம் தணிந்தால் வருவான் என்று அண்ணனே சொன்னார். தம்பியின் மனைவி அதே வீட்டின் பின்கட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லை. கணவனின் போனிலிருந்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டிருந்தது. வேலை அதிகம், பிறகு பேசுகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆடி அமாவாசைக்கு அவர் என்னைத் தன் பைக்கில் திருமானூருக்குக் கூட்டிப் போனார். கொள்ளிடக் கரையில் நல்ல கூட்டம். வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் ஐயர் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் முறை வருவதற்குள் தர்ப்பை வாங்கி வரச் சொல்லி அடுத்த வீட்டுக்காரர் என்னைக் கரைமேல் கடைகளுக்கு அனுப்பினார். வழக்கமாக இதற்கு அரைமணி நேரம் ஆகும், எல்லோரும் பேரம் பேசுவார்கள். எனக்குப் பேரம் பேச வராது. முதல் கடையில் கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிட்டேன்.

அவர் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகு எனக்கு. அப்பா பெயர் சொன்னார், தாத்தா பெயர் சொன்னார். ஐயர் "வேற யாராவது இருக்காங்களா?" என்றார். இவர் தணிந்த குரலில் தம்பியின் பெயரைச் சொன்னார். ஐயர் மந்திரம் சொல்ல, உள்ளங்கையிலிருந்து கட்டை விரல் பக்கமாக எள்ளுத் தண்ணீர் வழிந்தது. திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

திரும்பி வருகிற வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்.

"சீக்கிரம் வந்துட்டீங்க சார்."

"பேரம் பேசலைங்க."

"பேசியிருக்கணும்."

டீ வந்தது. இரண்டு வாய் குடித்தபிறகு, தம்பிக்கு நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொன்னதாகவும், இது ஒரு பரிகாரம் என்றும் சொன்னார்.

"உசுரோட இருக்கறவருக்கா?" என்றேன். சிரித்தபடிதான் கேட்டேன். கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று கூட நினைத்தேன்.

"உசுரோட இருக்கறவனுக்குத்தான் சார் பரிகாரம்." டம்ளரை வைத்தார். "உங்களுக்குப் புள்ளைங்க இல்லல்ல?"

"இல்லைங்க."

"நாளைக்கு உங்களுக்கு யாரு சார் எள்ளு எறைப்பா?"

நான் மீதி டீயைக் குடித்து முடித்தேன்.

"நான் செய்யறேன். மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க."

அவ்வளவு அன்பாக என்னை யாரும் மிரட்டியதில்லை. மீதி வழி முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால், சட்டையைப் பிடிக்காமல், சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பரிகாரம் என்பதை நம்ப முடிவு செய்தேன். நம்பினால் ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை.

மறுநாள் மத்தியானம் தம்பியின் மனைவி நூலகத்துக்கு வந்தாள், எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க.

"இனிமே ஒரு வாரம் வர மாட்டேண்ணே. நாளைக்குக் காலையில மாமா திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறாரு, அவரைப் பாத்துட்டு வரலாம்னு. முதல்ல தோப்புல ஒரு வேலை இருக்காம். அத முடிச்சிட்டு அப்படியே போலாங்கறாரு."

மாமா என்றது கணவனின் அண்ணனை. அரியலூரிலிருந்து தோப்பு கிழக்கே. திருப்பூர் மேற்கே. இதற்கு நாவல் எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை.

புத்தகத்தைப் பதிவு செய்தேன். முத்திரை குத்தினேன். ஜோசியர் உண்மையிலேயே சொல்லியிருந்தால் நான் ஒரு குடும்பத்தைப் பிரித்தவனாவேன். நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால்? அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அதைச் சரிசெய்ய அவள் குனிந்த நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம்.

"அம்மா, நேத்து கொள்ளிடத்துல உங்க மாமா, உங்க வூட்டுக்காரரு பேரைச் சொல்லி எள்ளுத் தண்ணி விட்டாரு. பரிகாரம்னு சொன்னாரு."

அவள் நிமிரவில்லை. "தெக்கப் பாத்தா?"

"ஆமாம்மா."

"கட்டை வெரல் பக்கமாவா?"

சாமிக்கு விரல் நுனி, செத்தவர்களுக்குக் கட்டை விரல் பக்கம். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவன் நான்.

"ஆமாம்மா."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். "அவருக்கு டைப் பண்ண வராதுண்ணே. எதுன்னாலும் பேசித்தான் அனுப்புவாரு. ஆறு மாசமா டைப் பண்ணித்தான் வருது" என்றாள். "நான்தான் பழகிட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

வேலை நேரத்தில் முதல்முறையாக 'நூலகம் மூடப்பட்டுள்ளது' பலகையை மாட்டினேன். வாசித்துக்கொண்டிருந்த ஒரே பெரியவர் பேப்பரோடு வெளியே வந்து, "யாரு செத்துட்டா?" என்றார். ஆட்டோ பிடித்து அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

தம்பியின் போன் ஜேசிபியின் டூல் பாக்ஸில் இருந்தது. தோப்பில் தோண்டினார்கள். புதிதாக நட்ட கன்று வரிசையில் இரண்டு குழி. ஒன்றில் தம்பி. பக்கத்தில் இன்னொன்று, நேர்த்தியாக ஓரம் சீவி, காலியாக இருந்தது.

கோர்ட்டில் அவருடைய வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"நீங்க நகைச்சுவை எழுத்தாளர்தானே?"

"முயற்சி பண்றேங்க."

"எதையும் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வீங்க?"

"எழுதறப்ப மட்டும்."

அந்த அறையில் அதற்குச் சிரித்தவர் கூண்டில் நின்றவர் ஒருவர்தான். தீர்ப்பு வந்த பிறகு தம்பியின் மனைவி பெரம்பலூரில் அக்கா வீட்டுப் பக்கமாகக் குடிபோய், தையல் கடை வைத்தாள்.

அவரிடமிருந்து வருடம் தவறாமல் ஆடிக்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் வரும். கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். தம்பிக்கு எள்ளு இறைத்துவிட்டு வரச் சொல்லி எழுதுவார். தம்பி கனவில் வந்து பசிக்கிறது என்கிறானாம். நான் போய்ச் செய்துவிட்டு வருவேன். அவருக்காக அல்ல என்று சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடக் கடிதத்தில் வேறு எழுதியிருந்தது. 'பரோல் கிடைத்துவிட்டது சார். அமாவாசைக்கு ஊரில் இருப்பேன். இந்தத் தடவை தர்ப்பை வாங்க நீங்கள் போக வேண்டாம். என் பக்கத்திலேயே உட்காருங்கள்.'

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் செப்டிக் டேங்க் மூடியைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் பெரம்பலூருக்குப் போன் போட்டு, ஜாக்கிரதையாக இரு என்று அவளை எச்சரித்தேன்.

"எனக்கென்னண்ணே, இங்க பத்து பேரு இருக்கோம்," என்றாள். "அண்ணியக் கூட்டிட்டு நீங்க பஸ் ஏறி வாங்க. அவரு திரும்ப உள்ள போற வரைக்கும் இங்கேயே இருங்க."

வந்துவிட்டோம். இதை அவளுடைய தையல் கடையின் கட்டிங் டேபிளில் உட்கார்ந்து எழுதுகிறேன். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று அமாவாசை. சற்றுமுன் எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார்.

"உங்க ஆளு வந்திருந்தாரு சார். கூட ரெண்டு போலீசு. உங்க கேட்டைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு."

"ஏதாவது கேட்டாரா?"

"டேங்க் நல்லா இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னு சொன்னேன்."