தேதி போடாத ராஜினாமா

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில், ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தேன். மில் ஃபுட்பால் டீமுக்கும் நான்தான் மேனேஜர். எனக்கு விசில் கூட ஊதத் தெரியாது. ஆனால் ஆட்டக்காரர்களின் பைல் எல்லாம் என் பீரோவில் இருந்தது. அதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

1. தோற்ற மேட்ச்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த மில் டீம்களின் ஃபைனலில் ரெண்டு கோல் வாங்கித் தோற்றோம். எதிர் டீமான ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லின் ஸ்டாப்பர் மாரிச்சாமி, மடவார் வளாகத்துக்காரன். எங்கள் ஃபார்வர்டுகள் எந்தப் பக்கம் போனாலும் அங்கே அவன் நின்றான்.

திரும்பி வரும்போது முதலாளி காரில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கணேசா, அந்த ஸ்டாப்பரை நம்ம மில்லுக்கு இழுக்கணும்யா. என்ன கேக்காகன்னு விசாரி."

விசாரித்தேன். அந்த மில்காரர்கள் பதிலுக்குக் கேட்டது எங்கள் லெப்ட் பேக் அந்தோணியை. மில்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஆள். இவன் இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு அங்கே புதுசாகச் சேர வேண்டும், அவன் அங்கே விட்டுவிட்டு இங்கே வர வேண்டும். பழைய சர்வீஸ் அத்தோடு போய்விடும்.

2. மூணு வாரப் பேச்சு

எடுக்கலாமா, வேண்டாமா? கேன்டீனிலும் கேட்டிலும் மூணு வாரம் அதே பேச்சுத்தான். கோச் மட்டும் வேண்டாம் என்றார்.

"மாரிச்சாமிக்கு முழங்கால் சரியில்லை சார். அவிய அவனுக்குக் கேட்ல உக்கார்ற வேலைதான் குடுத்திருக்காக. இங்க ரிங் பிரேம் மிஷின்ல எட்டு மணி நேரம் நின்னா தாங்குவானா? அந்தோணி பேர் வாங்குற ஆளில்லை. ஆனா அவன் பக்கம் பந்து வாரதே இல்லை, கவனிச்சிங்களா?"

நான் கவனித்ததில்லை. வராத பந்தை யார் பார்க்கிறார்கள்? 'எடுக்கலாம்' என்று குறிப்பு எழுதி முதலாளிக்கு அனுப்பினேன். அவரும் சரி என்றார்.

அந்தோணியிடம் யாருமே கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவனிடமும் சேர்கிற அன்றைக்கே தேதி போடாத ஒரு ராஜினாமாவில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவோம். எல்லா மில்லிலும் செய்கிறார்கள் என்று நாங்களும் செய்தோம். பீரோவைத் திறந்து அந்தோணியின் கடிதத்தை எடுத்தேன். தேதியை என் பேனாவால்தான் எழுதினேன். பதினோரு வருஷ சர்வீஸ் அதோடு முடிந்தது.

மறுநாள் சேத்தூரிலிருந்து பைக்கில் ஷிப்டுக்கு வந்தவனை கேட்டிலேயே நிறுத்திச் சொன்னார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான்.

"சார், எதும் தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லை, போலே. அங்க போயும் ஃபுட்பால்தானே ஆடப்போற" என்றேன். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

3. பொறவு

கோச் சொன்னதுதான் நடந்தது. ஒரு சீசன் முடிவதற்குள் மாரிச்சாமியின் முழங்கால் வீங்கிப் போனது. அவனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அந்த வருஷமும் தோற்றோம். அடுத்த வருஷம் அந்தோணி போன ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லில் டீமையே கலைத்தார்கள். ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் வெளியே போனான். பதினோரு வருஷத்தை நான் அழித்திருக்காவிட்டால் அந்தோணி கடைசி ஆள் ஆகியிருக்க மாட்டான். கெடுத்தது விதி இல்லை. நான்.

ரிட்டயரான பிறகு, போன வருஷம், அய்யனார் கோவில் போகிற வழியில் அவனைப் பார்த்தேன். ஒரு மாந்தோப்பில் காவல் வேலை. கை கூப்பினான். எனக்குக் கூசியது.

"சார், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சிக்கிட்டிருந்தேன். அந்த ஃபைனல்ல ரெண்டாவது கோல் கார்னர்ல வந்துச்சுல்லா? நான் போஸ்ட்டை விட்டு ஓரடி விலகிட்டேன். அதுக்குத்தான என்னைய அனுப்பிட்டிய?"

இத்தனை வருஷமாக அந்த ஓரடியை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"இல்லை லே. அன்னைக்கு உன் பக்கத்தை அவிய ஆள் ஒருத்தனாலயும் தாண்ட முடியலை. அதனாலதான் உன்னையக் கேட்டாக."

தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப நான் கொஞ்சம் மோசமா ஆடிருக்கலாம் சார்" என்றான்.

அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டேன்.

டைம் ஆபீசிலும் எச்.ஆரிலும் உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எந்த ஆளை எடுக்கலாம் என்று மூணு வாரம் பேசுங்கள், தப்பில்லை. அனுப்பப்போகிறவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தேதி போடாத கடிதம் உங்கள் பீரோவில் இருந்தால் இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். என் பீரோவில் பதினான்கு இருந்தன. அந்தோணி போன பிறகும் நான் ஒன்றைக் கூடக் கிழிக்கவில்லை. ரிட்டயரான அன்று சாவியோடு சேர்த்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.