வயிற்றில் இரண்டு தட்டு

ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த வருடங்களில், அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போய்வரும் சிறப்பு ஆசிரியையாக இருந்தேன். மாற்றுத்திறன் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். என் கையெழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு. ஃபைல் நன்றாயிருக்கிறது என்று அதிகாரி மெச்சினால் அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

வல்லக்கோட்டை அருகே ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று. பேச்சு வரவில்லை, எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள். அவளுக்காக அம்மா கம்பெனி வேலையை விட்டிருந்தார். "பாத்ரூம் வந்தா சொல்லத் தெரியட்டும், சேத்துக்கறேன்" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். ஆகவே திட்டத்தில் அதையே முதல் இலக்காக எழுதினேன். சைகையை நானே முடிவு செய்தேன்: வயிற்றில் இரண்டு தட்டு.

ஏழு மாதம் ஆனது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து வாரம் இருமுறை போவேன். பாவாடையை நனைப்பாள், துடைப்போம், கையைப் பிடித்து மறுபடி தட்டிக் காட்டுவோம். ஒரு நாள், நான் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பின் ஒரு மாதம் அவள் தவறவேயில்லை. 'அடைந்தது' என்ற கட்டத்தில் டிக் போட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன்.

ஜூனில் பள்ளியில் சேர்ந்தாள். அம்மா காலை ஷிப்டுக்குத் திரும்பினார். ஃபைல் ஆய்வுக்காக வட்டார அலுவலக பீரோவில் பத்திரமாக இருந்தது. ஃபைல் என்றால் அதிகாரிக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம்.

நான்காம் நாள் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஈரச் சீருடையோடு வகுப்பு வாசலில் நின்றாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"காலைலேர்ந்து வயித்தத் தட்டிக்கினே இருந்தா மேடம்" என்றார் வகுப்பு ஆசிரியை. "பசிக்குது போலன்னு பிஸ்கட் குடுத்தேன். தின்னுட்டுத் திரும்பத் தட்னா. இன்னொண்ணு குடுத்தேன்."

அவர்மேல் என்ன தப்பு? அந்தச் சைகையை அவருக்கு நான் சொல்லவேயில்லை. முத்து முத்தான எழுத்தில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

என் தவறுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுவிட்டார் தலைமை ஆசிரியை. அம்மா மறுபடியும் வேலையை விட்டார். நடந்ததை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்போ அவ சரியாத்தான் கேட்டுகீறா" என்றார்.

அடுத்த வாரம் போனபோது பாயில் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டாள். தட்டிக் காட்டலாமென்று கையைப் பிடித்தேன். இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இப்பல்லாம் கேக்கறதே இல்ல மேடம்" என்றார் அம்மா, பாயைச் சுருட்டியபடி. "கேட்டு இன்னா பிரயோஜனம்னு வுட்டுட்டா போல."