கூண்டருகே வைத்த போன்

இந்தோனேசியாவின் மலாங்கில் எங்கள் எதிர்வீட்டு ரத்னி சம்பால் என்னும் மிளகாய் விழுதை அரைத்துப் பாட்டிலில் அடைத்து விற்பவள். போனில் விளம்பரம் போட்டாள். அது திறக்கப்படும்போதெல்லாம் அவளுக்குச் செலவு. காசு கரைந்தது, வாங்க ஆளில்லை. தொழிலையே விட்டுவிட நினைத்தாள்.

அவள் கணவன் தர்யோனோ, பறவைக்குப் பாட்டுப் பழக்க இலவசச் செயலி ஒன்றை இறக்கி, போனை நாள் முழுதும் கூண்டருகே வைத்திருப்பான். ஒருநாள் ரத்னி அதை எடுத்துப் பார்த்தாள். பாட்டுக்குப் பின்னால் யார் யார் விளம்பரங்களோ தானாகத் திறந்து மூடின. நடுவே அவள் சம்பால் விளம்பரமும்! கணவனை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

"மாஸ், என் கடைக்கு வந்த ஒரே ஆளு உங்க பறவைதான்! அதுவும் ஒரு பாட்டில் வாங்கல."

"அதுக்குக் காரம் ஆகாதுடி."

செயலியை அழித்தார்கள். ஞாயிறன்று பறவைகளின் பாட்டுப் போட்டிக்குக் கூண்டோடு சம்பாலையும் தர்யோனோ சுமந்து போனான். பறவை தோற்றது. அது சோம்பேறிதான், யார் மறுத்தாலும் சொல்வேன். சம்பாலோ ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை. ரத்னி மறுநாளே மிளகாய் வாங்கப் போனாள்.