இருபத்தோராவது நாள்

ஜெயலெட்சுமி அத்தை கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தார். சினை ஊசி போட்டபின் இருபத்தொரு நாள் தாண்டியும் மாடு காளை தேடிக் கத்தவில்லை என்றால் நம்பிக்கை வைக்கலாம். கத்தினால் ஊசி வீண். மூன்று முறை வீணாகிவிட்டது. இது நான்காவது.

அவர் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர். ஓய்வுபெற்றபோது வந்த சேமலாபப் பணத்தில் மூன்றரை இலட்சத்துக்கு இந்தக் கிடாரியை வாங்கினார். பக்கத்துத் தொழுவத்துப் பெரியாயி தினமும் காலையில் வாளி நிறையப் பாலோடு போவதைப் பார்த்துப் பார்த்தே முடிவெடுத்தார். வேறு எதையும் விசாரிக்கவில்லை.

நான் அடுத்த வீடு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி. முகாமைத்துவம், அதாவது மெனேஜ்மென்ட், படித்துவிட்டு வேலை தேடுகிறேன். போன பணத்தை விட்டுவிட்டு, இனி வரப்போவதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று படித்ததை அத்தையிடம் சொன்னேன். மொனராகலைப் பக்கம் ஒரு பண்ணைக்காக ஒரு இலட்சத்து எண்பதாயிரம் தருவதாகப் பதுளை மாட்டு வியாபாரி ஜுனைதீன் நானா மாட்டைக் கேட்டிருந்தார்.

“வித்துடுங்க அத்தை.”

“மூனரைக்கு வாங்குனத ஒன்னு எம்பதுக்கா? நீ அந்த டீச்சர் பரீட்சைய எத்தனாவது தடவ எழுதப் போற?”

“மூனாவது.”

“மொதல்ல அத விடு புள்ள. அப்புறம் நான் மாட்ட விக்கிறேன்.”



பதினெட்டாம் நாளிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டார். யாராவது உரக்க இருமினாலும் தொழுவத்தை எட்டிப் பார்த்தார். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இருபதாம் நாள் காலை, எதிரே இருப்பது தெரியாத பனிமூட்டத்தில் நீளமாக ஒரு கத்தல் கேட்டது. அத்தை வாசலில் அப்படியே நின்றார்.

“நம்ம மாடா?”

“நம்ம மாடுதான் அத்தை.”

இருவரும் போய்ப் பார்த்தோம். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“பாரு, ஒன்னுந் தெரியாத மாதிரி நிக்கிறத” என்றார் அத்தை.

அத்தை உடனே போன் போட, பத்து மணிக்கு நானா லொறியோடு வந்துவிட்டார். மாட்டைச் சுற்றிவந்து பார்த்தார். “இன்னும் ரெண்டு நாள் பாருங்களேன். எனக்கு அவசரமில்ல.”

“வேணாங்க நானா. நெஞ்சு படபடன்னு அடிக்குது. கொண்டு போயிருங்க.”

“சரி. சினையா இல்லியான்னு ரெண்டு மாசத்துல டொக்டர் பாத்துச் சொல்லுவார். எதுவா இருந்தாலும் கோல் எடுத்துச் சொல்றேன்.”

லொறி போனதும் அத்தை ரேடியோவைப் போட்டார். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். நான் சொன்னபடி நடந்துவிட்டது என்று எனக்குக்கூட ஒரு சின்னத் திருப்தி.

மறுநாள் காலை அதே கத்தல். எங்கள் தொழுவம் காலியாக இருந்தது. பக்கத்தில் பெரியாயி தன் மாட்டை அதட்டினார்: “நேத்துலேருந்து ஊரக் கூட்டுறியே! ஊசிக்காரருக்குச் சொல்லியாச்சு, கொஞ்சம் பொறு.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். தான் பயந்ததையே அவர் கேட்டார். நான்? என் பேச்சு சரியாக வேண்டும் என்ற ஆசையில் கேட்டேனா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, அத்தையின் போன் அடித்தது. திரையில் ஜுனைதீன் நானாவின் பெயர். அத்தை அதைக் கவிழ்த்து வைத்தார்.

“எடுக்கவா அத்தை?”

“வேணாம். எடுத்தா தெரிஞ்சிரும்.”

அடித்து ஓயும்வரை நானும் கையை நீட்டவில்லை.