சம்பளம் எவ்வளவு என்று கேட்ட வாரம்

உங்கள் அக்கா ஆங்கில இலக்கியம் படிக்கப்போகிறேன் என்று சொன்ன வாரம் நீங்கள் இருவரும் பள்ளி முகாமில் இருந்தீர்கள். வீட்டில் நடந்தது உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுவதையும் எழுதிவைக்கிறேன். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன் நான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. செராஸில் ஒரு தனியார் கல்லூரி கூப்பிட்டது. மூன்று வருடப் படிப்பு. கல்விக் கடன் எடுத்தால்தான் முடியும். கடன் அவள் பெயரில், ஜாமீன் என் பெயரில். படித்து முடிக்கும்போது நாற்பதாயிரம் வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மாமா சிரித்தார். "மச்சான், இந்த ஊர்ல கடையில ரொட்டி சானாய் போடுறவன்கூட இங்கிலீஷ் பேசுறான் லா. அதுக்குப் போயி நாப்பதாயிரமா? அக்கவுண்ட்ஸ் எடுக்கச் சொல்லுங்க."

"பேசுறதுக்கு இல்ல மாமா, படிக்கிறதுக்கு" என்றாள் அக்கா.

எனக்கு இரண்டு பேரும் சொன்னது சரியாகவே பட்டது. யாரைப் போய்க் கேட்பது? நான் ஓட்டும் வாடகை வண்டியில் ஏறுகிறவர்களை விட்டால் படித்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் நின்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து பேராவது ஏறுவார்கள். பாதிப் பேர் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கும். செவ்வாய்க்கிழமையிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். என்ன படிச்சீங்க, சம்பளம் எவ்வளவு, கடன் முடிஞ்சிருச்சா? கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருகிறவரை நாம் கேட்பதுதானே. அதில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

ஒரு தம்பி, "என்ன பாஸ், டாக்ஸ் ஆபீஸ்லேர்ந்து அனுப்பிட்டாங்களா?" என்று சிரித்தார். ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சிலர் மட்டும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ஏறிய பெண், "நான் இங்கிலீஷ்தான் அங்கிள் படிச்சேன்" என்றாள். என்னை அறியாமல் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"வேலை கெடச்சிச்சாம்மா?"

"கஸ்டமர் சர்வீஸ். போன் எடுக்கிற வேலை. ரெண்டாயிரத்து எழுநூறு."

"கடன்?"

"முப்பதாயிரத்துக்கு மேல இருக்கு அங்கிள்."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குள் என்ன புகுந்ததோ, "ரூம் வாடகை போக கையில என்னம்மா நிக்கும்? நாளைக்குக் கல்யாணம்னு வந்தா எப்படிச் சமாளிப்ப? இதுக்கா படிச்சோம்னு இருக்குமே?" என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "இங்கயே நிறுத்துங்க" என்றாள். இறங்கவேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு சிக்னல் இருந்தது.

மறுநாள் காலையில், எனக்குச் சவாரி தருகிற கைப்பேசிச் செயலி திறக்கவில்லை. ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்திருந்தது. உங்கள் அக்காவிடம் கொடுத்தேன். வாசித்துச் சொன்னாள்.

"பயணிகிட்ட சம்பளம், கடன், கல்யாணம்னு கேட்டுச் சங்கடப்படுத்தினீங்களாம். விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் ஓட்டக்கூடாதாம். எதுக்குப்பா கேட்டீங்க?"

"உனக்காகத்தான்."

"நான் கேக்கச் சொன்னேனா?"

அப்படிக் கேட்டாளே தவிர, உடனே உட்கார்ந்து எனக்காக மன்னிப்புக் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டி வாசலிலேயே நின்றது. உங்கள் அம்மா, விற்கிற வடைக்கு இன்னும் ஒரு கிலோ பருப்பு ஊறப்போட்டாள்.

திங்கட்கிழமை நானும் அக்காவும் கிள்ளானில் நம் வீட்டிலிருந்து செராஸுக்குப் போனோம். கல்லூரிக் கவுண்டரில் இருந்த பெண் ஜாமீன்காரரின் மூன்று மாத வருமானச் சீட்டைக் கேட்டாள். என் வருமானச் சீட்டு அந்தச் செயலிக்குள்தான் இருக்கிறது. திறந்தேன். 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்பதற்கான ஆங்கில எழுத்து மட்டும் சிவப்பில் வந்தது. வங்கிக் கணக்கைக் காட்டினேன். என்னிடம் பாதிப் பேர் ரொக்கமாகத் தருகிறவர்கள். அது கணக்கில் ஏறுவதில்லை. வடை விற்பதற்குச் சீட்டே கிடையாது.

"இது பத்தாது அங்கிள். இன்னைக்குத்தான் கடைசி. ஜூலை சேர்க்கைக்கு வந்து பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

பிள்ளைகளா, இவ்வளவும் எழுதியது அடுத்த வரிக்காகத்தான். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. நாற்பதாயிரம் கடன் இன்றைக்கு இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான் அது. அந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்.

"நான் சேரணுமா வேணாமான்னு நீங்க சொல்லவேணாம்பா. அது நான் பாத்துக்கிறேன். நான் சேரக்கூடாதுன்னு மனசுல நெனைக்கிறீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால், அவள் அந்த விண்ணப்பப் பாரத்தை அன்றைக்கே கிழித்துப்போடுவாள். "சாப்பிட்டுப் பேசலாம்மா" என்றேன்.

செயலியைத் திறந்துவிட்டார்கள். மறுபடி ஓட்டுகிறேன். அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள், அந்தப் படிப்பைத் தவிர. ஜூலைக்கு மூன்று வாரம் இருக்கிறது. வாசலில் அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.