முகம் இல்லாத படம்

நீங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள்; இல்லை, நீங்களெல்லாம் பேசிய ஆவணப்படத்துக்கான விருதை வாங்கத் தனியாகத்தான் போனேன்.

இன்று மூதூர் பஸ்ஸில் நான் டிக்கெட் கேட்டதும் பக்கத்தில் இருந்த அக்கா திரும்பினார்.

"இந்தக் குரல்! எங்கட ஊர்த் தண்ணிப் படத்தில கேள்வி கேட்கிறது நீங்கள்தானே, தங்கச்சி?"

"ஓம், அக்கா."

"குவைத்தில வேலை செய்யேக்க போனில பார்த்து அழுதனான். அம்மா குடத்தோட அவ்வளவு தூரம் நடக்கிறதை எனக்குச் சொல்லேல்ல. இப்ப வந்து பார்த்தா வாசலில பைப். படத்துக்குப் பிறகுதானாம் அதிகாரிகள் வந்தவை. ஏன் உங்கட முகத்தைக் காட்டேல்ல?"

"கெமரா பிடிக்க வேற ஆளில்லை."

"இந்தா, நான் பிடிக்கிறன்." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சொல்லுங்கோ, வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?"

எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி. நான் கையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கெமராவுக்கு முன்னால் நீங்களெல்லாம் எப்படித்தான் பேசுகிறீர்களோ!

கிண்ணியாவில் இறங்கித் தனியாக ஒரு தேநீர் குடித்தேன்.